நாக்குக்கு அடியில் பத்து நிமிடம்

மனநலப் பகுதி: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

சென்ற இதழில், வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கத்தில் சிக்கிய ஓர் இளைஞரைப் பற்றிய கேள்விக்கு, "இதற்கு மாத்திரை மூலமான சிகிச்சை இருக்கிறது, சில ஆண்டுகள் தொடர வேண்டி வரலாம்" என்று இரண்டே வரியில் பதில் எழுதியிருந்தேன். இடம் போதாமல் சுருக்கிய அந்த இரண்டு வரிகளுக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சிலர் விவரம் கேட்டிருக்கிறார்கள், சிலர் கடிந்துகொண்டிருக்கிறார்கள். ஆகவே இந்த முறை முழுப் பகுதியும் அந்தக் கடிதங்களுக்கே.

தொடங்கும் முன் ஒரு சொல்லை மட்டும் தெளிவாக்கிவிடுகிறேன். அபினியிலிருந்து எடுக்கப்படும் மருந்துகளையும், அவற்றைப் போலவே செயல்படும்படி ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்ட மருந்துகளையும் சேர்த்து ஓபியாய்டுகள் என்கிறோம். பிரவுன் சுகர், ஹெராயின், மார்ஃபின், டிரமடால், டாபென்டடால், ஃபென்டனில் ஆகியவை இந்த இனத்தைச் சேர்ந்தவை. மதுவும் கஞ்சாவும் இதில் சேரா. கீழே நான் எழுதும் மாத்திரைகள் ஓபியாய்டு அடிமைநிலைக்கு உரியவை. கஞ்சா பழக்கத்துக்கு அவற்றைக் கேட்டு வருவதில் பயனில்லை. மத்திய அரசின் சமூகநீதித் துறை 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, நம் நாட்டில் ஏறத்தாழ 77 லட்சம் பேருக்கு ஓபியாய்டு பழக்கத்திலிருந்து மீள உதவி தேவைப்படுகிறது.

என் மகனுக்கு 22 வயது. பாலிடெக்னிக் முடித்தவன். வலி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கம் ஒன்றரை வருடமாக இருந்திருக்கிறது, எங்களுக்குத் தெரியவில்லை. இப்போது அரசு மருத்துவமனையில் தினமும் நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைக்கிறார்கள். சாப்பிடுகிறான், தூங்குகிறான். ஆனால் அந்த மாத்திரையும் அதே இனம்தான் என்று மருந்துக் கடை வைத்திருக்கும் என் அண்ணன் சொல்கிறார். ஒரு போதையை விடுவதற்கு இன்னொரு போதையா?
ஒரு தாய், தேனி மாவட்டம்

அம்மா, உங்கள் அண்ணன் சொன்னதில் பொய் இல்லை. உங்கள் மகனுக்குத் தரப்படும் பியூப்ரினார்ஃபின் ஓபியாய்டு இனத்தைச் சேர்ந்த மருந்துதான். அதை மறைத்துவிட்டுச் சிகிச்சையைத் தொடங்கும் மருத்துவர்கள், பின்னால் மருந்துச் சீட்டைப் படிக்கத் தெரிந்த யாரோ ஒரு உறவினரிடம் தோற்றுப்போகிறார்கள். ஆனால் இனம் ஒன்று என்பதால் வேலையும் ஒன்று என்று ஆகிவிடாது.

மாதக்கணக்கில் ஓபியாய்டு உள்ளே போய்க்கொண்டிருந்தால், மூளை அந்த மருந்து இருக்கும் நிலையையே இயல்பு நிலையாகக் கணக்கு வைத்துக்கொள்கிறது. மருந்து வராத நாளில் உடம்பு கலகம் செய்கிறது: கொட்டாவி அடுக்கடுக்காக வரும், கண்ணும் மூக்கும் ஒழுகும், மேனியெல்லாம் மயிர்க்கூச்செறியும், வயிறு கழியும், கால்கள் தாமாகவே உதறும், எலும்புக்குள் புகுந்து குடைவதைப் போல வலிக்கும். ஹெராயின் போன்ற குறுகிய நேரம் நிற்கும் பொருளானால், கடைசி ஊசி போட்ட 8 முதல் 12 மணி நேரத்தில் இது தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்தைத் தொட்டு, ஒரு வாரத்தில் பெரும்பாலும் அடங்குகிறது. இந்த நிலையில் இருப்பவன் இன்பத்துக்காக ஊசியைத் தேடுவதில்லை. எழுந்து நிற்பதற்காகத் தேடுகிறான். ஒரே நாளில் பல முறை மேலே ஏறிக் கீழே விழும் இந்த ஊஞ்சலில்தான் வேலை, படிப்பு, வீட்டு உண்டியல் எல்லாம் போய்விடுகின்றன.

பியூப்ரினார்ஃபின் அந்த ஊஞ்சலை நிறுத்துகிறது. ஓபியாய்டுகள் போய் ஒட்டிக்கொள்வதற்கென்று மூளையில் ஏற்பிகள் இருக்கின்றன. கூட்டமான பேருந்தில் சன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போல, இந்த மருந்து அந்த ஏற்பிகளில் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. ஒரு நாளைக்கும் மேலாக எழுந்திருப்பதில்லை. உட்கார்ந்த இடத்தில் அது அரைகுறையாகத்தான் வேலை செய்கிறது. அந்த அரைகுறை வேலை, உடம்பின் கலகத்தை அடக்கப் போதுமானது. ஏற்கெனவே பழகிப்போன ஒருவருக்குப் போதை தரப் போதாதது. மேற்கொண்டு ஹெராயினோ வலி மாத்திரையோ உள்ளே வந்தாலும் அதற்கு உட்கார இடம் கிடைப்பது அரிது. மற்ற ஓபியாய்டுகளில் அளவு கூடக் கூட மூச்சு அடங்கிக்கொண்டே போகும். இதில் ஓர் எல்லைக்கு மேல் அந்த விளைவு கூடுவதில்லை. ஆனால் இந்தப் பாதுகாப்பு, மதுவோ அல்பிரசோலம், டயஸிபாம் போன்ற தூக்க மாத்திரைகளோ கூடச் சேரும்போது உடைந்துவிடும் என்பதை வீட்டில் அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

நாக்குக்கு அடியில் ஏன் என்று பலர் கேட்கிறார்கள். விழுங்கினால் கல்லீரல் அதன் பெரும்பகுதியை ரத்தத்தில் சேரும் முன்பே சிதைத்துவிடும். எங்கள் புறநோயாளிப் பிரிவில் காலை ஒன்பது மணிக்குச் செவிலியர் மாத்திரையைப் பொடித்து ஒவ்வொருவர் நாக்கடியிலும் வைத்த பிறகு, சுவரோரப் பெஞ்சில் பத்துப் பன்னிரண்டு பேர் வாயை மூடிக்கொண்டு, எச்சிலை விழுங்காமல், தலையைச் சற்றுக் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கையைத்தான் உயர்த்துவார்கள். அரசு மருத்துவமனையில் அவ்வளவு அமைதியான பத்து நிமிடத்தை வேறு எந்தப் பிரிவிலும் நான் கண்டதில்லை. பிறகு வாயைத் திறந்து காட்டிவிட்டு, கொத்து வேலைக்கும் ஆட்டோ ஸ்டாண்டுக்கும் போய்விடுவார்கள்.

உங்கள் அண்ணனின் சந்தேகத்துக்கு ஒரு பழைய காரணமும் உண்டு. 1990களில் சென்னையில் ஊசிப் பழக்கத்தில் இருந்தவர்களிடையே பியூப்ரினார்ஃபின் ஊசி மருந்தே போதைக்காகப் புழங்கியது. அதனால்தான் இன்று அதை நேரில் பார்த்துக் கொடுக்கிறார்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும்போது பெரும்பாலும் நலாக்சோன் என்ற முறிவு மருந்தை நான்குக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்த மாத்திரையாகத் தருகிறார்கள். நாக்கடியில் கரைத்தால் அந்த நலாக்சோன் ஏறக்குறைய ஒன்றும் செய்வதில்லை. கரைத்து ஊசியில் ஏற்ற முயன்றால் அது விழித்துக்கொண்டு போதையைத் தடுக்கும்.

உங்கள் மகனுக்கு இன்னும் ஒரு பரிசோதனை பாக்கி இருக்கலாம். மாத்திரை என்பது ஊசிக்காகச் செய்யப்பட்டதன்று. அதிலுள்ள மாவும் டால்க்கும் தண்ணீரில் கரையாமல் ரத்தக் குழாய்களை அடைக்கும். கை கால்களில் சீழ்க்கட்டி, ஆறாத புண், இதய வால்வில் கிருமித்தொற்று ஆகியவை இப்படித்தான் வருகின்றன. ஊசியைப் பகிர்ந்திருந்தால் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி மூன்றுக்கும் பரிசோதனை செய்துவிடுங்கள். ஹெபடைட்டிஸ் சி இன்று மாத்திரைகளால் குணமாகக்கூடிய நோய்.

மருந்தால் வந்த நோயை மருந்தால் தீர்க்க முடியாது. மன உறுதி, நல்ல நட்பு, ஆலோசனை இவை போதும். ஆண்டுக்கணக்கில் மாத்திரை என்பது மருந்து நிறுவனங்களின் வியாபாரம் அன்றி வேறென்ன?
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்

ஐயா, வியாபாரம் குறித்த உங்கள் ஐயத்தை நான் அவமதிக்கவில்லை. அமெரிக்காவில் இந்தக் கொள்ளைநோய் பெருகியதற்கு, வலி மருந்துகளை அளவு கடந்து விற்ற நிறுவனங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் பியூப்ரினார்ஃபின் 1960களில் கண்டறியப்பட்ட பழைய மருந்து. அதையும், இதே சிகிச்சைக்குப் பயன்படும் இன்னொரு ஓபியாய்டு மருந்தான மெத்தடோனையும் உலக சுகாதார நிறுவனம் 2005இல் இன்றியமையாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் மையங்களில் இது இலவசமாகத் தரப்படுகிறது.

மன உறுதி போதுமா என்பதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோமில் நடந்து 2003இல் வெளியான ஆய்வு அது. ஹெராயினுக்கு அடிமைப்பட்ட 40 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவின் 20 பேருக்கு ஓராண்டு முழுவதும் நாளொன்றுக்கு 16 மி.கி. பியூப்ரினார்ஃபின், மறு குழுவின் 20 பேருக்கு ஆறே நாளில் மருந்தைக் குறைத்து நிறுத்திவிட்டு, அதன்பின் மருந்தில்லாத வெற்று மாத்திரை. நீங்கள் சொல்லும் ஆலோசனையும் குழுச் சந்திப்பும் இரு குழுவுக்கும் ஒரே மாதிரி, தாராளமாகவே கொடுக்கப்பட்டன. ஓராண்டு முடிவில் மருந்துக் குழுவில் நால்வரில் மூவர் சிகிச்சையில் நீடித்தார்கள். வெற்று மாத்திரைக் குழுவில் ஒருவரும் நீடிக்கவில்லை. அவர்களில் நான்கு பேர் இறந்திருந்தார்கள். மருந்துக் குழுவில் சாவு இல்லை.

நாற்பது பேர் சிறிய எண்ணிக்கைதான். ஆனால் பிற்பாடு பல நாடுகளில் ஆயிரக்கணக்கானோரைப் பின்தொடர்ந்த ஆய்வுகளும், இந்தச் சிகிச்சையில் இருக்கும் காலத்தில் இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே இறங்குவதையே காட்டின. பிரான்ஸ் 1995இல் சாதாரணக் குடும்ப மருத்துவர்களே பியூப்ரினார்ஃபின் எழுதித் தர அனுமதித்தது. அடுத்த நான்கு ஆண்டுகளில் அங்கே அளவு மீறிய போதையால் நேரும் மரணங்கள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன.

ஆலோசனையை நான் தள்ளவில்லை. இரவு முழுவதும் கால் உதறிக்கொண்டு கிடந்தவனிடம் காலையில் வாழ்க்கையின் இலக்கு பற்றிப் பேசினால் அவன் காதில் ஏறாது. முதலில் உடம்பு அடங்க வேண்டும். பேச்சு அதன் பிறகுதான் உள்ளே போகும்.

என் தம்பி தனியார் மறுவாழ்வு இல்லம் ஒன்றில் 45 நாள் இருந்துவிட்டு, தெளிந்த முகத்துடன் திரும்பி வந்தான். வீட்டில் பொங்கல் வைத்துச் சாமி கும்பிட்டோம். ஆறாவது நாள் குளியலறையில் நீலம் பாரித்துக் கிடந்தான். எப்படியோ பிழைத்துக்கொண்டான். 45 நாள் சுத்தமாக இருந்தவனுக்கு ஒரே ஒரு ஊசியில் எப்படி இப்படி ஆனது?
ஓர் அண்ணன், சென்னை

45 நாள் சுத்தமாக இருந்ததால்தான் ஆனது. இதைச் சொல்வது எனக்கே சங்கடமாக இருக்கிறது. ஆனால் இந்தப் பகுதியில் வேறு எதை மறந்தாலும் இதை நினைவில் வையுங்கள்.

தொடர்ந்து ஓபியாய்டு எடுக்கும் உடம்பு அதைத் தாங்கப் பழகுகிறது. மற்றவர்களைக் கொன்றுவிடக்கூடிய அளவையும் அது தாங்கும். சில வாரங்கள் நிறுத்தினால் அந்தத் தாங்குதிறன் கரைந்துவிடுகிறது. ஏக்கமோ கரைவதில்லை. வெளியே வந்தவன், பழைய கூட்டாளியைப் பார்க்கிறான்; பழைய அளவையே எடுக்கிறான்; புதிய உடம்பில் அது பாய்கிறது. மூளையில் மூச்சை இயக்கும் பகுதி உறங்கிவிடுகிறது. மறுவாழ்வு இல்லத்திலிருந்தும் சிறையிலிருந்தும் வெளியே வந்த முதல் சில வாரங்களில்தான் இத்தகைய மரணங்கள் குவிகின்றன. உடம்பிலிருந்து மருந்தை வெளியேற்றிவிட்டு, வேறு பாதுகாப்பு எதுவும் இல்லாமல் வீட்டுக்கு அனுப்புவதைச் சிகிச்சை என்று அழைக்கவே எனக்கு மனம் வருவதில்லை. தம்பியை மறுபடியும் ஏதாவது ஓர் இல்லத்தில் சேர்க்கும் முன், மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்று பியூப்ரினார்ஃபின் பற்றிக் கேளுங்கள்.

ஒருவேளை மீண்டும் நேர்ந்தால் அடையாளம் மூன்று: ஊசிமுனைபோல் சுருங்கிய கண்மணி, தட்டினாலும் எழாத மயக்கம், மிக மெதுவான அல்லது நின்றுபோன மூச்சு. உதடும் நகமும் நீலமாகும். தொண்டையில் குறட்டை போன்ற ஒலி எழும். அதைக் கேட்டு "அசந்து தூங்குகிறான்" என்று கதவைச் சாத்திவிட்டுப் போன குடும்பங்கள் உண்டு. உடனே 108ஐ அழையுங்கள். மூச்சு இல்லையென்றால் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஐந்து விநாடிக்கு ஒரு முறை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். நாடித்துடிப்பும் இல்லையென்றால் நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்குங்கள். எப்படி என்பதை 108இல் பேசுபவரிடம் கேட்டுக்கொண்டே செய்யலாம். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மோரோ எலுமிச்சைச் சாறோ உப்புத் தண்ணீரோ வாயில் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குப் போய்விடும். மருத்துவமனையில் நலாக்சோன் ஊசி போட்டதும் சில நிமிடங்களில் எழுந்து உட்கார்ந்து, "எனக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகிறேன்" என்பார்கள். விடாதீர்கள். நலாக்சோன் ஒன்று ஒன்றரை மணி நேரத்துக்குள் வடிந்துவிடும். உள்ளே போன போதைமருந்து அதைவிட நீண்ட நேரம் நிற்கக்கூடியது.

தம்பியை இல்லத்தில் சங்கிலியால் கட்டி வைத்ததாகவும் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். போதை மீட்பு இல்லங்களும் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்குள் வருபவை. நோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியிடுவதை அந்தச் சட்டம் தடை செய்கிறது. மாவட்ட நிர்வாகத்திடம் புகார் கொடுக்கலாம். கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

எட்டு மாதமாகப் பியூப்ரினார்ஃபின் எடுக்கிறேன். லேத் பட்டறையில் வேலைக்குப் போகிறேன். ஊசியைத் தொடவில்லை. வீட்டில் பெண் பார்க்கிறார்கள்; கல்யாணத்துக்கு முன் மாத்திரையை நிறுத்திவிட வேண்டும் என்று அப்பா சொல்கிறார். எப்போது நிறுத்தலாம்?
27 வயது வாசகர், கோவை

தம்பி, முகூர்த்த நாளை வைத்து மருந்தின் நாளைக் குறிக்காதீர்கள்.

எட்டு மாதம் நன்றாக இருக்கிறீர்கள் என்பது மருந்து இனித் தேவையில்லை என்பதற்குச் சாட்சியாகாது. மருந்து வேலை செய்கிறது என்பதற்கே சாட்சி. இவ்வளவு காலம்தான் என்று எல்லோருக்கும் பொதுவான கெடு மருத்துவத்தில் இல்லை. ஓராண்டுக்குள் நிறுத்தியவர்களில் பெரும்பாலோர் பழைய இடத்துக்கே திரும்புகிறார்கள் என்பதுதான் எங்கள் அனுபவமும் ஆய்வுகளின் முடிவும். ஆகவே நான் என் நோயாளிகளிடம் குறைந்தது இரண்டு ஆண்டுகள் என்று தொடங்குவேன். பத்து ஆண்டுகளாக எடுத்துக்கொண்டு, மகளைக் கல்லூரிக்கு அனுப்பியவரும் என்னிடம் வருகிறார். அவரிடம் நிறுத்தச் சொல்லி நான் ஒரு நாளும் வற்புறுத்தியதில்லை.

நிறுத்தும் எண்ணம் உங்களுடையதாக இருந்தால் அது வேறு கதை. வேலை நிலைத்திருக்க வேண்டும். பழைய வட்டம் விலகியிருக்க வேண்டும். மருந்தை மறந்துபோகும் அளவுக்கு ஏக்கம் தணிந்திருக்க வேண்டும். பிறகு சில வாரங்களுக்கு ஒரு முறை, தினசரி அளவில் 2 மி.கி. அல்லது அதற்கும் குறைவாகக் கழித்துக்கொண்டே பல மாதங்களில் இறங்கலாம். இடையில் தூக்கம் கெட்டாலோ பழைய நினைப்பு தலைதூக்கினாலோ, ஒரு படி மேலே ஏறி நின்றுகொள்வதில் தோல்வி ஒன்றும் இல்லை. மாத்திரை தீர்ந்துவிட்டது, ஊருக்குப் போக வேண்டும், விரதம் என்று நினைத்த மாத்திரத்தில் நிறுத்தாதீர்கள்.

முழுவதும் நிறுத்திய பிறகு நால்ட்ரெக்சோன் என்ற வேறொரு மாத்திரை இருக்கிறது. அது ஓபியாய்டு அன்று. ஏற்பியை வெறுமனே பூட்டி வைக்கும். கடைசி ஓபியாய்டு எடுத்து 7 முதல் 10 நாள் கடந்தவர்களுக்கே அதைத் தொடங்கலாம். அவசரப்பட்டால் கடுமையான தொல்லை கிளம்பும். தினமும் தவறாமல் எடுப்பவர்களுக்கு அது உதவும். ஆனால் அதை விட்டவர்களின் தாங்குதிறன் தரைமட்டமாக இருக்கும் என்பதால், மேலே சென்னை அண்ணனுக்கு எழுதிய ஆபத்து இவர்களுக்கும் உண்டு.

பார்க்கும் பெண்ணிடம் சொல்லிவிடுங்கள். நாக்கடியில் பத்து நிமிடம் வைக்கும் மாத்திரையை ஒரே வீட்டில் எத்தனை நாள் மறைப்பீர்கள்? ஒளித்து எடுப்பவர்கள் ஒரு கட்டத்தில் எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். பிறகு நடப்பது உங்களுக்குத் தெரியும். அப்பாவை அடுத்த முறை மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். பல தந்தையருக்கு ஒரு முறை எதிரில் உட்கார்ந்து கேட்டாலே மனம் இளகிவிடுகிறது.

முதுகு நோவுக்குத் தந்த குளிசையில் தொடங்கி, பிறகு தெருவில் வாங்கும் நிலைக்கு வந்துவிட்டேன். இரண்டு வருடமாக மருந்துக் கடையில் மெத்தடோன் குடித்து வருகிறேன், நன்றாக இருக்கிறேன். இப்போது மூன்று மாதக் கர்ப்பம். அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நிற்கிறார். பிள்ளைக்காகவாவது இதை உடனே விடு என்கிறார். விடலாமா?
ஒரு வாசகி, டொரன்டோ

விடக்கூடாது, தங்கை. உங்கள் அம்மாவின் பயம் இயல்பானது. அவர் சொல்லும் வழிதான் பிள்ளைக்கு ஆபத்து. கர்ப்பக் காலத்தில் மெத்தடோனைச் சட்டென்று நிறுத்தினால் உங்கள் உடம்பு படும் பாட்டைக் கருவும் படும். கரு கலையவும், குறைமாதத்தில் பிறக்கவும் வாய்ப்பு கூடும். அதைவிடப் பெரிய ஆபத்து, தொல்லை தாங்காமல் நீங்கள் தெருவில் வாங்குவது. இன்று உங்கள் ஊர்த் தெருவில் ஹெராயின் என்று விற்கப்படுவதில் ஃபென்டனில் கலந்திருக்கிறது. அது மார்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியம் கொண்டது.

மெத்தடோன் நேற்று வந்த சோதனை மருந்து அன்று என்று அம்மாவிடம் சொல்லுங்கள். நியூயார்க்கில் வின்சென்ட் டோல் என்ற மருத்துவரும் மேரி நைஸ்வாண்டர் என்ற மனநல மருத்துவரும் 1965இலேயே அதன் பயனை எழுதி வெளியிட்டார்கள். கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுத்த அனுபவமும் பல பத்தாண்டுகள் நீண்டது. பிற்பகுதி மாதங்களில் உடம்பு மருந்தை வேகமாகக் கரைப்பதால் அளவைக் கூட்டவோ இரண்டாகப் பிரித்துக் குடிக்கவோ சொல்வார்கள். அதைப் பின்னடைவு என்று எண்ணாதீர்கள்.

பிள்ளை பிறந்த சில நாட்களில் அதற்கு நடுக்கம், ஓயாத அழுகை, பால் குடிப்பதில் சிரமம் ஆகியவை வரலாம். எதிர்பார்க்கக்கூடியது, சிகிச்சைக்குக் கட்டுப்படுவது. அதற்காகவே பிள்ளையைச் சில நாட்கள் கூடுதலாக மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பார்கள். நெஞ்சோடு அணைத்து வைத்திருப்பதும், வேறு தடை இல்லாவிட்டால் தாய்ப்பால் கொடுப்பதும் அந்தத் தொல்லையைக் குறைக்கும். யாழ்ப்பாணத்து அம்மா கைகொடுக்க வேண்டிய இடம் அதுதான்.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் போத்தலைப் பூட்டி வையுங்கள். பழரசம் போலத் தெரியும் அதில் ஒரு மிடறு, வீட்டுக்கு வரும் சிறு குழந்தையைக் கொன்றுவிடும். ஒன்டாரியோவில் மருந்துக் கடையில் நலாக்சோன் பெட்டி இலவசம். ஒன்றை வாங்கி வைத்து, அம்மாவுக்கும் பயன்படுத்தக் கற்றுக்கொடுங்கள்.

அரசு மருத்துவமனைக்குப் போனால் போலீஸுக்குத் தகவல் போகுமா? தனியார் மருந்துக் கடையில் இந்த மாத்திரையை வாங்க முடியுமா?
பெயர் வேண்டாம், திருச்சி

சிகிச்சைக்கு வருபவரைக் காவல்துறைக்குக் காட்டிக்கொடுப்பது மருத்துவரின் வேலை அன்று. நோயாளியின் விவரங்களைக் காப்பதை மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமையாகவே வைத்திருக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு உண்டு: போதைப்பொருளை உட்கொண்டதாகவோ சிறிய அளவு வைத்திருந்ததாகவோ வழக்குக்கு உள்ளானவர், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், அந்த வழக்கு நடவடிக்கையிலிருந்து விலக்குக் கோரலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கும் போய்விடலாம். காவல் நிலையத்து வாசலில் நிற்கும் பல குடும்பங்களுக்கு இந்தப் பிரிவு இருப்பதே தெரியாது.

பியூப்ரினார்ஃபின் அதே சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. கடையில் சாதாரணமாகக் கேட்டால் கிடைக்காது. கிடைத்தால் அந்தக் கடை சரியில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவை அணுகுங்கள். முதல் நாள் வரும்போது, கடைசியாக எடுத்ததிலிருந்து 12 மணி நேரமாவது கழிந்து, கொட்டாவியும் உடல்வலியும் தொடங்கிய பிறகு வாருங்கள். போதை உள்ளே இருக்கும்போதே இந்த மாத்திரையை வைத்தால், அது மற்றதை ஏற்பியிலிருந்து தள்ளிவிட்டு உட்காருவதால், தொல்லைகள் அனைத்தும் ஒரே நேரத்தில் பாய்ந்து வரும். "மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று முதல் நாளோடு ஓடிப்போகிறவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். எங்கே போவது என்று தெரியாதவர்கள் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446ஐக் கட்டணமின்றி அழைக்கலாம்.

மாத்திரை தொடங்கிய பிறகு மலச்சிக்கலும் பல் கூச்சமும் இருக்கிறது. மாத்திரையால்தானா?
ஒரு வாசகர், திருநெல்வேலி

மலச்சிக்கல் அதனால்தான், எல்லா ஓபியாய்டுகளுக்கும் உள்ள குணம் அது. தண்ணீர், கீரை, கொய்யா, நடை ஆகியவற்றுக்கு மசியவில்லை என்றால் மருத்துவர் மலமிளக்கி எழுதித் தருவார். அதற்காக மாத்திரையின் அளவை நீங்களாகக் குறைக்காதீர்கள்.

பல்லுக்கும் தொடர்பு இருக்கலாம். வாயில் கரையும் பியூப்ரினார்ஃபினால் பல் சொத்தையும் ஈறுத் தொற்றும் வருவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் எச்சரித்தது. மாத்திரை முழுவதும் கரைந்த பிறகு ஒரு வாய்த் தண்ணீரைப் பல்லிலும் ஈறிலும் படும்படி மெதுவாகச் சுழற்றி விழுங்குங்கள். உடனே பல் துலக்காமல் ஒரு மணி நேரமாவது பொறுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பல்லைக் காட்டுங்கள். காட்டும்போது மாத்திரையின் பெயரை மறைக்காமல் பல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பல் பிடுங்க நேர்ந்தால் எந்த வலி மருந்தை எழுதலாம் என்று அவர் முடிவு செய்ய அது தெரிந்திருக்க வேண்டும்.